மூன்றாவது பாட்டின் ஈரப்பதம்

“அண்ணே, அந்தப் பாட்ட நான் கேக்கவே இல்ல.”

சனிக்கிழமை நான் சொல்லாமல் விட்டது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை செல்வராஜ் அண்ணன் இறந்துவிட்டார். மாரடைப்பு... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

ஞாயிறுதோறும் நான் இங்கே போடும் 1994 பிரிட்டிஷ் பாப் பட்டியல் பதிவுகளில், பெயர் சொல்லாமல் ‘அண்ணன்’ என்று ஒருவர் வருவாரே, என் மார்க்கை எல்லாம் மறுத்துப் பேசுபவர்... அவர்தான்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் நான் பில் போடுகிறேன். அங்கே நெல்லில் ஈரம் பார்ப்பது அவர் வேலை. அதற்கு முன் மஸ்கட்டில் லாரி ஓட்டினார். அங்கே போன முதல் வருஷம் 94. லாரி ரேடியோவில் தமிழ் வராது, இந்தப் பாட்டுகள்தான் வரும்.

“பாஷை புரியல. ஆனா அழுவுறானா ஆடுறானான்னு தெரியும்ல?” என்பார்.

அந்த வருஷத்தின் டாப் நாற்பதை பிரிண்ட் எடுத்தோம். பிரவுசிங் சென்டர் பையனையே அதன்மேல் ஒரு அட்டையை வைத்து ரப்பர் பேண்ட் போடச் சொன்னார் அண்ணன். வாரம் ஒரு வரிதான் அட்டையை மேலே தள்ளுவார், நாற்பதிலிருந்து ஒன்றை நோக்கி. எட்டிப் பார்க்கக் கூடாது.

நெல் குவியலில் ஒரே இடத்தில் மாதிரி எடுக்க மாட்டார். மேலே, நடுவில், அடியில்... மூன்று கை அள்ளித்தான் மீட்டரில் போடுவார். பாட்டுக்கும் அதே சட்டம். மூன்று முறை கேட்காமல் மார்க் கிடையாது.

மார்க்கும் ஈரப்பதம்தான். பதினேழு வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அழுகை ஜாஸ்தி, காயப்போட வேண்டும்.

ஒரு ஆட்டப் பாட்டுக்கு நான் பத்து போட்டேன். “பத்தா? அப்ப அது நெல்லே இல்லம்மா, பதரு!” இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இன்னொரு மதியம், சாப்பாட்டு நேரம். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நெல்லைக் காயப்போட்டுவிட்டுக் காத்திருந்த விவசாயி ஒருவர் எங்கள் மார்க் பேச்சைக் கேட்டு எட்டிப் பார்த்தார்.

“இதுக்கு எவ்வளவு போட்டீங்க?”

“பதினஞ்சுங்க,” என்றேன்.

“வெள்ளக்காரன் பாட்டுக்குப் பதினஞ்சு, என் நெல்லுக்கு மட்டும் இருபதா? நல்லா இருக்குங்க உங்க மீட்டரு!”

“நீங்களும் உங்க நெல்ல முப்பது வருசம் காயப்போட்டுக் கொண்டாங்க... பதினஞ்சு காட்டும்,” என்றார் அண்ணன். அந்த மனிதரே சிரித்துவிட்டார்.

போன வாரம் மூன்றாவது பாட்டுக்கு வந்தோம்.

நேரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நேரம் இருந்தது. படித்தே எதையும் தெரிந்துகொள்ளலாம் என்ற திமிர்... பாட்டின் வரிகளை மட்டும் படித்தேன். பிரிவு, கெஞ்சல், போகாதே என்று மன்றாடல். இருபத்திரண்டு போட்டு, எழுதி, சனிக்கிழமை அவரிடம் காட்டினேன்.

நிதானமாகப் படித்தார்.

“கடைசியில மணி அடிக்குமேம்மா... அதப் பத்தி ஒண்ணும் காணோம்?”

“ஆமாண்ணே. எழுத விட்டுப்போச்சு.”

“மூணு தடவ கேட்டல்ல?”

“கேட்டேண்ணே.”

எழுதியதைத் திருப்பிக் கொடுத்தார். “சரி, போடு.”

போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நிறைய பேர் லைக் போட்டீர்கள். அவர் போடவில்லை. அதற்கு முந்தைய முப்பத்தேழு பதிவுகளுக்கும் முதல் லைக் அவருடையது.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அன்றைக்குப் பார்த்து மழை... மூட்டைகளுக்குத் தார்ப்பாய் இழுக்கவே நேரம் சரியாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

நேற்று மறுபடி அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி ஒரு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். “வண்டிப் பெட்டியில இருந்துச்சு. ஆபீஸ் காகிதமான்னு பாரும்மா.”

ஆபீஸ் காகிதம் இல்லை. எங்கள் பட்டியல். கடைசி இரண்டு பாட்டுகள் இன்னும் அட்டைக்கு அடியில்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக இரண்டு கட்டம், அவர் மார்க், என் மார்க். இரண்டையும் அவர்தான் எழுதுவார். நாற்பதிலிருந்து நான்கு வரை எல்லாம் நிரம்பியிருந்தது. மூன்றாவதில் அவருடைய பதினாறு இருந்தது. என் கட்டம் காலி. என் இருபத்திரண்டை அவர் எழுதவே இல்லை.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்...

கேட்காத பாட்டுக்கு நான் போட்ட மார்க் இங்கே இருக்காது. பட்டியலையும் பாதியில் விட மாட்டேன். அவர் இல்லாமல் எப்படி என்று கேட்காதீர்கள். அட்டையை வாரம் ஒரு வரி மேலே தள்ளத் தெரியும் எனக்கு.

ஆறுதல் எதுவும் எழுத வேண்டாம், ப்ளீஸ்.

போயிட்டு வாங்கண்ணே.

நேற்று சாயங்காலம் திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பாட்டை மூன்று முறை கேட்டேன். கடைசியில் மணி அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பதிவை நீக்கினேன். காலிக் கட்டத்தில் பதினெட்டு என்று எழுதினேன்.