பெருநாள் அன்று கரண்ட் போனது

அன்றைக்கு என் அப்பா செத்திருக்க வேண்டியவர். இப்படித் தொடங்குவதற்கு மன்னியுங்கள், பங்கு மக்களே. எனக்கு இதை மெதுவாகச் சொல்ல வராது.

நான் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கிறேன். சம்பளத்தோடு வேலைப் பயிற்சிக்கு மன்னாருக்கே அனுப்பினார்கள், மின்சாரக் கந்தோருக்கு. தலைமன்னாரில் அப்பாவுக்குத் சந்தோஷத்தில் தலைகால் தெரியாத புளுகம். வள்ளத்தில் கூட வருகிறவர்களிடமெல்லாம், "என்ர பிள்ளை கரண்டுக்குப் படிக்கிறாள்" என்று சொல்லித் திரிந்தார்.

அதே அப்பாதான் ஒவ்வொரு அந்தோனியார் பெருநாளிலும் கரண்ட் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிறவர். உங்களுக்குத் தெரியும், சொரூபக் கூடு உயரம், தெருவுக்குக் குறுக்கே கம்பி பதிவாகத் தொங்கும். வள்ளம் தாங்கித் தள்ளும் மரக்கோலால் அப்பா கம்பியை உயர்த்த, கூடு கீழால் போகும். கடலில் ஊறி உப்பேறின கோல். கொஞ்சம் நனைந்தாலும் கரண்ட் பாயும். போன முறை கூட்டுக்குப் புதிதாகத் தகர முடி வேறு. தள்ளுகிறவர்கள் பிடிப்பதோ இரும்புச் சட்டம்.

பவனி நேரம் மட்டும் அந்தத் தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தும்படி என் பொறுப்பதிகாரியிடம் கேட்டேன்.

"தங்கச்சி, பழக வந்தனீங்கள். பழகிப்போட்டுப் போங்கோ. பெருநாளில கரண்டை நிப்பாட்டினால் உங்கட சனமே எனக்குக் கல்லால எறியும்."

சோளகக் காற்றில் எங்கள் ஊருக்குக் கரண்ட் வரும் தோட்டவெளிப் பக்கக் கம்பங்களில் கம்பி தாங்கும் பீங்கான்களில் உப்புப் படிந்து கிடக்கிறது, கழுவ வேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தேன். அதற்கும் சிரிப்புத்தான். சம்பளம் தந்து வாயைக் கட்டுகிற பயிற்சி!

அப்பாவிடம் போனேன். "எத்தினை வருஷமாத் தூக்கிறன். அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார், பிள்ளை" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெஞ்சினேன், கத்தினேன், கோலை ஒளித்து வைத்தேன். அவர் வேறு கோல் எடுத்துக்கொண்டு போனார்.

பவனி வந்தது. ஆனி மாதத்தில் மழையாம்! ஒருநாளும் இல்லாத தூறல். அப்பா கோலை உயர்த்தினார். சனத்துக்குள் என்னால் கிட்டப் போக முடியவில்லை. சொரூபத்தைப் பார்த்துக் கத்தினேன்: "அந்தோனியாரே, நீர் பாத்துக்கொள்ளுவீர் எண்டுதானே அந்த மனுசன் நம்பி நிக்குது! உமக்குக் கண் இல்லையே? ஆண்டவரிட்டச் சொல்லும்! இல்லாட்டி இனி இந்தக் கோயில் படி மிதிக்கமாட்டன்!"

ஊர் முழுக்க இருண்டது.

"சீ, பெருநாளும் அதுவுமாக் கரண்ட் போயிட்டுது" என்று யாரோ திட்டினார். அவர் திட்டி முடிக்கவில்லை, ஈரக் கோல் வழுக்கிக் கம்பி தகர முடியின் மேல் விழுந்தது. "சட்டத்தில இருந்து கையை எடுங்கோ, கரண்ட் திரும்பி வரும்!" என்று அலறினேன். எடுத்தார்கள். அப்பா நனைந்தபடி நின்றார், உயிரோடு.

மறுநாள் காரணம் தெரிந்தது. அதே தூறல் தோட்டவெளிப் பீங்கான்களில் படிந்த உப்பை நனைத்துக் கரண்ட் கசிய, லைன் தானாக நின்றிருக்கிறது. "அப்ப அது உப்புத்தானே, அந்தோனியார் இல்லையே" என்றாள் கூடப் படிக்கிற தோழி. "ஓமடி, உப்புத்தான்" என்றேன். அத்தனை நாள் சும்மா கிடந்த உப்பு அந்த நொடியில் ஏன் வேலை செய்தது? அது எங்கள் பாடத்தில் இல்லை. கழுவாமல் விட்டவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அவருடைய சோம்பலையும் ஆண்டவர் பாவித்தார். அதற்காக அது சோம்பல் இல்லை என்று ஆகிவிடாது.

அப்பா அடுத்த கிழமை வள்ளக்காரரைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போய், வாக்குத் தரும்வரை வாசலில் குந்தியிருந்தார். இந்த வருடம் பவனிக்கு முன்பே அந்தத் தெருவின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் கூடு வந்தது. கம்பியடியில் அப்பா கோலோடு நின்று, அத்தனை சனமும் கேட்க என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பிள்ளை, தூக்கட்டோ?"

"ஓம் அப்பா, இப்ப தூக்குங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆண்டவருக்குக் கோடி நன்றி. பிரியமானவர்களே, கோபம் வந்தால் கோபத்தோடேயே செபியுங்கள். அவர் காதைப் பொத்துகிறவர் இல்லை. ஆனால் கந்தோருக்கும் போங்கள்.