மஞ்சப்பையில் ஒரு அரிவாள்மனை

போன வாரம் நண்பன் மாயாண்டியோடு ஒரு பெரிய நகரத்துக்குப் போயிருந்தேன். எந்த நகரம் என்று கேட்காதீர்கள். சொன்னால் ஒரு பெண்ணின் வேலைக்கு ஆபத்து.

மாயாண்டி எழுமலைக்காரன். பள்ளி ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறை. அப்பா கூலிக்கு உழுத நிலத்தில் ஒரு துண்டை வாங்கி, இன்று அதிலேயே விவசாயம் பார்க்கிறான். மகள் செல்வி அந்த நகரத்தில் போலீஸ். மெட்ரோ ரயிலைக் காவல் காப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறதல்லவா... அதில். பயணிகளின் பைகளை மிஷினில் போட்டுப் பார்க்கிற டியூட்டி.

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோதே அவன் கையில் மஞ்சப்பை.

“என்ன மாப்ள இது?”

“அருவாமனை. புள்ளைக்குக் கத்தியில நறுக்க வரலையாம்.”

“மெட்ரோவுல விடமாட்டாங்கடா.”

“வீட்டுச் சாமான்தான மாப்ள. அதுவும் எம்புள்ள நிக்கிற எடம். அவளை யூனிஃபார்ம்ல ஒரு தடவ பாத்துரணும், அம்புட்டுத்தான்.”

வழியெல்லாம் என் தோள்பையில் இருந்த சின்னக் கத்தியால் கொய்யா நறுக்கித் தின்றோம்.

மெட்ரோ வாசலை நெருங்கும்போது செல்வியின் போன். “அப்பா, ஆபீசர் நிக்கிறாக. என்னையத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீக. சொந்தக்காரவுகள விட்டதுக்கு ஒரு அக்காவுக்கு மெமோ குடுத்துட்டாக.” பையில் இருப்பதைப் பற்றி இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “சரித்தா” என்று வைத்துவிட்டான்.

வரிசையில் நான் முன்னால். ஆபீசர் என்னை உற்றுப் பார்த்தார்.

“சார், நீங்க எழுதுறவர்தானே? வீட்ல உங்களைப் படிப்பாங்க. பையை மிஷின்ல போட வேண்டாம், போங்க சார்.”

பத்திரிகையில் போட்டோ போட்டுப் பத்தி எழுதினால் இப்படி ஒரு சௌகரியம். வெட்கமில்லாமல் உள்ளே போனேன்.

அடுத்து மஞ்சப்பை. மிஷின் நின்றது. திரைக்கு முன்னால் செல்வி. பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

“யார் பை இது?” என்றார் ஆபீசர்.

“நம்மளுதுதாங்க.”

வேட்டியில் சுற்றியிருந்ததைப் பிரித்தார்கள். “எந்த ஊரு? மதுரைப் பக்கமா? அப்ப அருவா இல்லாமலா இருக்கும்?” என்று ஆபீசர் சிரித்தார். வரிசையும் சிரித்தது. எத்தனை வருஷத்துச் சிரிப்பு இது! காய் நறுக்குகிற பலகையைப் பார்த்தும் சிரிக்க முடிகிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தேனா? இல்லை. ‘என்னோடு வந்தவர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. என் பையையும் திறக்கச் சொல்லிவிட்டால்...?

இரண்டு போலீஸ்காரர்கள் மாயாண்டியின் இடுப்பைத் தடவிப் பார்த்தார்கள். துண்டை உதறச் சொன்னார்கள். அரிவாள்மனை பறிமுதல் பெட்டிக்குள் போனது.

“செல்வி, ரிஜிஸ்டர்ல எழுதிக்கோம்மா.”

அவள் நோட்டைத் திறந்தாள். தலை நிமிரவே இல்லை.

“பேரு?”

“மாயாண்டி, மேடம்.”

மேடம்! பெற்ற மகளை.

“அப்பா பேரு?”

“கருப்பையா, மேடம்.”

தன் தாத்தாவின் பெயரை அந்தப் பெண் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

“இங்க யாரைப் பார்க்க வந்தீங்க?”

அவன் அவளை நன்றாகப் பார்த்தான். தொப்பி, பெல்ட், மார்பில் பெயர்ப் பட்டை, எல்லாவற்றையும்.

“யாரையும் இல்ல, மேடம். பாத்தாச்சு, போறேன்.”

அப்படியே திரும்பி வாசலுக்கு நடந்தான். நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது, “புள்ளைக்கு யூனிஃபார்ம் நல்லா இருக்குல்ல மாப்ள?” என்று மட்டும் கேட்டான்.

மதுரை திரும்பி, திருநகரில் என் வீட்டில் தோள்பையைக் காலி செய்தபோது கொய்யா நறுக்கிய கத்தி கீழே விழுந்தது.

அன்றைக்கு அந்தக் காவலைத் தாண்டி ஆயுதத்தோடு உள்ளே போன ஒரே ஆள் நான்தான்.