அப்பாதுரை கழற்றிய பன்னிரண்டு டாப்பெட்

அப்பாதுரைக்கு மூக்கு பொல்லாதது. மூன்று வீடு தள்ளிக் கருவாடு வறுத்தால் இவருக்கு இங்கே சோறு இறங்காது. வேலை முடிந்து வந்ததும் சவுக்காரம் போட்டு முழங்கை வரை இரண்டு தடவை தேய்ப்பார். "கவர்னரு பங்களாவுக்கா விருந்துக்குப் போறே?" என்று மனைவி முத்தம்மா கேலி செய்வாள். காரணம் அவளுக்கும் தெரியும். அப்பாதுரையின் அப்பா கண்டோன்மெண்டில் மலவண்டி ஓட்டியவர். செத்த அன்றுகூட அந்த வாடை அவரை விடவில்லை. அந்த வண்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றுதான் மகன் யுத்த காலத்தில் மிலிட்டரி ஒர்க் ஷாப்பில் சேர்ந்து எஞ்சின் வேலை கற்றார்.

கற்று என்ன பயன்? அடுகோடிப் பேட்டையில் ஓஸ்வால்ட் துரையின் மோட்டார் ரிப்பேர் ஷெட்டில் ஏழு வருஷமாகப் பிரேக்கும் ஸ்பிரிங்கும்தான் இவருக்கு. கார் எஞ்சின் எல்லாம் ஹெட் பிட்டர் கோவிந்தப்பாவுக்கு. கோவிந்தப்பாவுக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்ததைவிட எஞ்சின் சொந்தக்காரர்களைப் பற்றித் தெரிந்தது அதிகம்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை அந்த லாரி வந்தது. ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி லாரி. காண்டிராக்டர் ஒருவர் ஊர் மலத்தை அள்ளித் தோட்டங்களுக்கு உரமாகக் கொண்டுபோக அதை வைத்திருந்தார். பலகை இடுக்கில் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஷெட்டில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

"இது அவங்க ஆளுங்க வேலைதானே சார், அப்பாதுரையே பாக்கட்டும்" என்றார் கோவிந்தப்பா, சத்தமாகவே.

அப்பாதுரை ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஓஸ்வால்ட் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். காரியம் ஆகும் வரை காலைப் பிடி என்பது துரைக்கும் தெரியும்.

"லுக் மேன், இதை மட்டும் முடிச்சுக் குடு. அடுத்த வாரம் எஸ்டேட் ஓனர் கார் வருது. ஃபுல் எஞ்சின் வேலை. அது உனக்குத்தான். பிராமிஸ்."

ஏழு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அப்பாதுரை மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தார்.

வால்வுகளைத் தூக்கிவிடும் பன்னிரண்டு டாப்பெட்டில் ஒன்பது இறுகிப் போயிருந்தன. புண்ணியவான் இரண்டு வருஷமாக ஆயிலே மாற்றவில்லை. ஆயில் அரக்காக இறுகியிருந்தது.

"மேலயே புடிச்சு இழுத்துடு. ஜல்தியா முடி, நாத்தம் தாங்கல" என்று தெருவிலிருந்து கத்தினார் கோவிந்தப்பா.

அப்பாதுரைக்கு எரிச்சல் தலைக்கேறியது. டாப்பெட்டின் அடி தேய்ந்து, ஓரம் காளான் போல விரிந்திருந்தது. மேலே இழுத்தால் அந்த ஓரம் துளையைக் கீறி எஞ்சின் பிளாக்கையே பாழாக்கிவிடும். ஹெட் பிட்டராம்! சரியான வழி ஒன்றுதான். டாப்பெட்டைச் சற்றுத் தூக்கிக் கம்பியால் கட்டி, அதை அடியிலிருந்து தள்ளும் கேம் ஷாஃப்டை முன்பக்கமாக உருவி, ஆயில் தொட்டியை இறக்கி, ஒவ்வொன்றையும் கீழ்வழியாக எடுக்கவேண்டும். அதற்கு லாரிக்கு அடியில் படுக்கவேண்டும்.

படுத்தார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி இடமும் வலமுமாகத் திருப்பினார். கன்னத்தில் ஆயில் சொட்டியது. முழங்காலில் சொட்டியது ஆயில் இல்லை. இரண்டு முறை வெளியே ஓடி வாந்தி எடுத்தார். அப்பனைப் போலவே நாறுகிறேனே என்று அழுகையும் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் பன்னிரண்டு டாப்பெட்டும் பலகைமேல் வரிசையாகக் கிடந்தன. துளைகளில் ஒரு கீறல் இல்லை.

ஓஸ்வால்ட் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்! காண்டிராக்டர்கிட்ட இன்னும் மூணு லாரி இருக்கு. எல்லாம் இனிமே நீதான் மேன்."

"எஸ்டேட் கார் சார்?"

"அது... கோவிந்தப்பா பாக்கட்டும். இந்த லாரியில வெச்ச கைன்னு தெரிஞ்சா அவங்க ஒத்துக்க மாட்டாங்க. புரியுதில்ல?"

நன்றாகப் புரிந்தது. லாரி நாற்றத்துக்குச் சவுக்காரம் உண்டு, இதற்கு என்ன உண்டு? அப்பாதுரை காக்கிச் சட்டையைக் கழற்றி பானெட்மேல் போட்டார்.

"எஞ்சினை யாரு மேன் மூடுவா?"

"வேலை தெரிஞ்சவங்க யார் வேணா மூடலாம் சார்."

எவரும் மூடவில்லை. பிரித்துப் போட்ட லாரி ஷெட் வாசலிலேயே நின்றது. வெயில் ஏற ஏற அடுகோடியே மூக்கைப் பிடித்தது. எஸ்டேட் கார் வந்த வேகத்தில் திரும்பிப் போனது. ஒன்பதாம் நாள் ஓஸ்வால்ட் வீடு தேடி வந்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

"வா மேன். ஓனர்கிட்ட நானே பேசிட்டேன். கார் உனக்குத்தான்."

அப்பாதுரை கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"லாரி போயிடுச்சா சார்?"

"இல்ல, அது அங்கேயேதான்..."

"அப்ப நீங்க காருக்காக வரல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.