மரத்தடியிலிருந்து வந்த குரல்

எங்கள் கல்லூரி பொன்மலைப் பக்கம். போட்டி ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு பெண்கள் கல்லூரியில். நடுவில் இருப்பது ஒரு காவிரிப் பாலம்தான். ஆனாலும் அடுத்தவர் மைதானம் அடுத்தவர் மைதானம்தான். 

அந்த முறை பயப்படக் காரணமும் இருந்தது. நான் சேர்ந்ததிலிருந்து எங்கள் வாலிபால் டீம் முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. "இந்த வருஷமும் தோத்துட்டு வந்தீங்கன்னா டீமைக் கலைச்சிடலாம்மா. கோர்ட் இருக்கற இடத்துல ஸ்டாஃப் வண்டி நிறுத்த ஷெட் போட்டுக்கறோம்" என்று எங்கள் கல்லூரிச் செயலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வருகிறது. வகுப்பில் நான் வந்திருக்கிறேனா இல்லையா என்றுகூட யாரும் கவனித்ததில்லை. அந்தக் கோர்ட்டில்தான் என்னை ஓர் ஆளாக மதித்தார்கள். அதுவும் போனால் எனக்கு அங்கே வேறு ஒன்றும் இல்லை.

நான் லிபரோ. குள்ளச்சிகளுக்கென்றே ஒதுக்கிய இடம். வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்று, எதிரணி அடிப்பதைத் தரையில் விழாமல் எடுக்க வேண்டும். எடுப்பதைவிடக் கஷ்டம் எடுக்காமல் இருப்பது. பந்து கோட்டைத் தாண்டித்தான் விழும் என்று பட்டால், "விடு" என்று கத்திவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு விரல் பட்டாலும் அது அவுட் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விளக்குகளைப் போட்டிருந்தார்கள். மைதானத்தின் ஒரு கோடியில் பெரிய தூங்குமூஞ்சி மரம். வெளிச்சம் அதன் அடிக்கு எட்டவில்லை. எதிரணிப் பெண்கள் வந்தவுடன் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த இருட்டைப் பார்த்துக் கையசைத்தார்கள். அங்கே யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதல் செட்டில் நாங்கள் மரத்துப் பக்கம். ஆரம்பத்திலேயே ஒரு பந்து வேகமாக என் தோளுக்கு வந்தது. பின்னாலிருந்து "விடு" என்றது ஒரு பெண் குரல். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். விட்டேன். பந்து வெளியே விழுந்தது. பக்கத்தில் நின்றவளிடம் "நல்ல வேளை சொன்னே" என்றேன்.

"நான் வாயே தெறக்கலையே" என்றாள் அவள்.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் மரத்தடி இருட்டுதான். அடுத்த முறை அதே குரல் வந்தபோது, உள்ளூர்க்காரர்களின் தில்லுமுல்லு என்று முடிவுகட்டி, வேண்டுமென்றே பந்தை எடுத்தேன். அது கையில் பட்டு எங்கோ போனது. அந்த செட் முழுக்க இதே கதை. குரல் வரும், நாங்கள் தடுமாறுவோம், பாயின்ட் போகும். எங்கள் பி.டி. மேடம் நடுவரிடம் போய், "வெளியிலேர்ந்து யாரோ குரல் கொடுக்கறாங்க சார்" என்றார்.

நடுவர் மரத்தைப் பார்த்தார். "அது அப்படித்தாம்மா. ஆடச் சொல்லுங்க" என்றார். 

இரண்டாவது செட்டில் பக்கம் மாறினோம். அது இன்னும் மோசம். நாங்கள் ஓங்கி அடிப்போம். மரத்தடியிலிருந்து "விடு" வரும். உடனே அந்தப் பெண்கள் பந்தைப் பார்க்காமலே கையைத் தொங்கப் போட்டுவிடுவார்கள். ஒருத்தி பந்துக்கு முதுகைக்கூடக் காட்டிவிட்டாள். பந்து அவளைத் தாண்டி, கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. அத்தனை பேர் அப்படிக் கையைத் தொங்கவிட்டு நிற்பதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் குரல் ஒரு முறைகூடத் தப்பவில்லை. விளக்கைச் சுற்றிய ஈசல்கள் இறகு உதிர்ந்து எங்கள் தலையில் விழுந்தன. இரண்டு செட்டும் போனது.

"பேய் மைதானம்டி இது" என்றாள் எங்கள் ஸ்மாஷர். 

இடைவேளையில் ஒரு பந்து மரத்தடிக்கு உருண்டு போனது. ஒருத்தியும் எடுக்கப் போகவில்லை. பயத்தைவிட எரிச்சல் அதிகமாகி, நான் போனேன். பந்து ஒரு சக்கர நாற்காலியில் முட்டி நின்றிருந்தது. நாற்காலியில் என் வயதுப் பெண் ஒருத்தி. நான் போட்டிருந்தது போலவே அவளும் தன் டீமுக்கு வேறான நிறத்தில் சட்டை போட்டிருந்தாள். வலது கை மடியில் துவண்டு கிடந்தது. அவள் கண் என்மேல் இல்லை, என்னைத் தாண்டிக் கோட்டின் மேல் இருந்தது.

"நீங்களா சொன்னது?" என்றேன்.

"விடு" என்றாள், அதே குரலில்.

தண்ணீர் பாட்டிலோடு வந்த எதிரணி கேப்டன் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். "எங்க லிபரோங்க. ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து தலையில அடி. அதுக்கப்புறம் இந்த ஒரு வார்த்தைதான் வருது. அதுவும் இங்க உட்கார வெச்சாத்தான். நாங்க யாருன்னு அவளுக்குத் தெரியுதான்னு டாக்டருக்கே சொல்லத் தெரியலை."

"இந்தப் பக்கம் நாங்க நின்னாலும் சொல்றாங்களே. உங்களுக்குத்தானே நஷ்டம்?"

"ஆமாங்க" என்றாள் கேப்டன். "அதுக்காகக் கூட்டிட்டு வராம இருக்க முடியுமா?"

திரும்பி வந்து எங்கள் பெண்களிடம் சொன்னேன்: "அந்தக் குரல் பொய் சொல்லாது. அது சொன்னா விட்டுடுங்க." மூன்றாவது செட்டில் அப்படியே ஆடினோம். காரணம் தெரிந்த பிறகும் ஒவ்வொரு முறை அது வரும்போதும் எனக்கு முதுகு சில்லிட்டது. ஆனாலும் செட் எங்களுக்கு வந்தது. நான்காவதில் மறுபடி பக்கம் மாறியதும் நீளமாக அடிப்பதையே நிறுத்திவிட்டோம். வலைக்குப் பக்கத்திலேயே தட்டித் தட்டிப் போட்டோம். அவர்கள் திருப்பி அடித்ததையெல்லாம் ஈரத் தரையில் விழுந்து புரண்டு எடுத்தோம். முட்டித் தோலெல்லாம் உரிந்தது, யாரும் வெளியே போகிறேன் என்று சொல்லவில்லை. அதையும் இழுத்துப் பறித்து ஜெயித்தோம்.

ஐந்தாவது செட்டில் பாதியில் பக்கம் மாற வேண்டும். மாறியபோது மரம் எங்களுக்குப் பின்னால் வந்தது. எங்களுக்குப் பதினாலு, அவர்களுக்குப் பதிமூன்று. இந்த ஒரு பாயின்ட் வந்தால் எங்கள் கோர்ட் பிழைக்கும்.

அவர்கள் கேப்டன் எழும்பி அடித்தாள். பந்து என்னை நோக்கி வந்தது. நான் குரலுக்குக் காத்திருந்தேன்.

வரவில்லை. வராவிட்டால் பந்து உள்ளே. அன்று முழுக்க அதுதான் கணக்கு. கையைச் சேர்த்துக் குனிந்துவிட்டேன். ஆனால் பந்து இறங்குகிற மாதிரி இல்லை. என் கண் ஒன்று சொன்னது, பின்னால் இருந்த அமைதி வேறு சொன்னது.

"விடு" என்று கத்திக் கையை இழுத்துக்கொண்டேன்.

பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. அவுட் என்று லைன் நடுவரின் கொடி மேலே போனது. எங்கள் பெண்கள் என்மேல் வந்து விழுந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு நான் மரத்தடியைப் பார்த்தேன்.

அவள் இடது கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அவள் நேராக என் கண்ணைப் பார்த்தாள். ஜெயித்த சந்தோஷமெல்லாம் போய் எனக்கு உடம்பு ஜில்லென்று ஆனது.

தோற்ற கேப்டன் எங்களுக்குக் கை கொடுக்க வரவில்லை. வலைக்கு அடியில் நுழைந்து, எங்களைத் தாண்டி ஓடி, அந்த நாற்காலி முன்னால் ஈரத்தில் முட்டி போட்டாள். "சொல்லலைடி" என்றாள் தன் டீமைத் திரும்பிப் பார்த்து. அழுதுகொண்டே சொன்னாள். "அவுட்டுன்னு தெரிஞ்சும் இவ சொல்லலை. நம்ம பந்துன்னு இவளுக்குத் தெரியுது."

அத்தனை பேரும் ஓடினார்கள். நாற்காலியோடு அவளைத் தூக்கிக் கோர்ட்டைச் சுற்றி வந்தார்கள். கத்துவதை நிறுத்திவிட்டு நாங்கள் ஓரமாக நின்று கை தட்டினோம். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

எங்கள் கோர்ட்டில் ஷெட் வரவில்லை. அன்று பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். அவளை விளக்கடியில் இறக்கி வைத்து, சுற்றி நின்று, ஆளாளுக்குத் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.