வெள்ளைக் கேனில் வளர்ந்த நொச்சி

நொச்சி இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் முதலில் ஒரு பச்சைக் காரம் மூக்கில் ஏறும். அடுத்து மிளகும் கற்பூரமும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு வருவதுபோல ஒரு நெடி. அதற்கப்புறம் இரண்டு தும்மல். எனக்கு மூன்று. போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், பத்து வயதில், இந்தத் தும்மல்களை எண்ணித்தான் இலை முற்றிவிட்டதா இல்லையா என்று முடிவு செய்வேன். அப்போது நான் ஒரு வைத்தியன். ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது என்பதுதான் குறை.

என் வைத்தியத்துக்கு இருந்த ஒரே நோயாளி என் அப்பா. அவர் பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். ஏலச்செடியில் பூச்சி விழாமல் இருக்க, டிரம்மில் கலக்கி வைத்ததை ஓஸ் பிடித்துத் தூர் தூராக அடித்துக்கொண்டு போகிற வேலை. திங்கட்கிழமை விடியுமுன் ஜீப்பில் ஏறினால் வாரம் முழுக்க மலையிலேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். தனியாக இறங்க மாட்டார், ஒரு தலைவலியையும் கூட்டிக்கொண்டு வருவார். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘மண்டையிடி’ என்று பெயர். அந்த விருந்தாளி ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் தங்கி, யாரையும் பேசவிடாமல், குக்கரைக்கூட விசில் அடிக்கவிடாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை அவரோடு ஜீப்பேறிப் போய்விடும்.

“மண்டைக்குள்ள எவனோ கல்லுடைக்கிறான்டி” என்பார் அப்பா. அம்மா ஒரு துண்டை நனைத்து அவர் நெற்றியில் போட்டு, ஜன்னலைச் சாத்துவாள்.

வலி எதனால் என்பதில் ஆளுக்கொரு கட்சி. வளைவு வளைவாகச் சுற்றுகிற ஜீப்புதான் காரணம் என்பது அம்மா. மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அப்பா. தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்த ரஹ்மத்தக்கா மலைமேட்டுப் பனியைத் திட்டுவார். அப்பாவோடு மருந்தடித்த ஐந்து பேருக்கும் இதே இடிதான். ஆனால் எல்லாருக்கும் வருகிற ஒன்றை யார் வியாதி என்று சொல்வார்கள்? மீசை முளைப்பதைப் போல, அந்த வேலைக்குப் போனால் வருவது என்று விட்டுவிட்டார்கள்.

அப்பாவின் வலியைக் கண்டு மனம் உருகித்தான் நான் மூலிகைத் தோட்டம் போட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அவ்வளவு அழகாக இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் தெருப் பையன்கள் அவரவர் அப்பாவோடு கொட்டகுடி ஆற்றுக்குக் குளிக்கப் போவார்கள். தோளில் ஏறி நின்று தண்ணீரில் குதிப்பார்கள். திரும்பி வந்து அந்தத் தோளைப் பற்றியே ஒரு வாரம் பேசுவார்கள். என் அப்பாவின் தோள் அவர்களுடைய அப்பாக்களின் தோளைவிட அகலம். ஆனால் அது இருட்டறையில் படுத்துக் கிடந்தது. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அதற்குத் தலைவலி போக வேண்டும். அவ்வளவுதான் என் கருணை.

இதை ரஹ்மத்தக்காவிடம் போய் அழுதேன். “நொச்சித் தலகாணி வெச்சுப் படுத்தா எப்பேர்ப்பட்ட மண்டையிடியும் எந்திரிச்சு ஓடீரும் அப்பு” என்று சொல்லி, தன் வீட்டுக் கொல்லையிலிருந்து மூன்று நொச்சிக் குச்சிகளையும், உபரியாக ஒரு கற்பூரவல்லிக் கிளையையும் ஒரு திருநீற்றுப்பச்சை நாற்றையும் கொடுத்தார். நொச்சிக்குத் தலையணை, கற்பூரவல்லிக்கு நெற்றிப்பற்று, திருநீற்றுப்பச்சைக்குச் சும்மா மோந்து பார்ப்பது என்று வைத்தியமும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

எதில் நடுவது? “என் சட்டி பானையத் தொட்டே, கையி இருக்காது” என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்போதுதான் மாடிப்படிக்கு அடியில் கிடந்த வெள்ளைக் கேன்கள் கண்ணில் பட்டன. தோட்டத்தில் மருந்து தீர்ந்த கேன்கள் அவை. மருந்தடிக்கிறவர்கள் மலையிலிருந்து இறங்கும்போது ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள்; கெட்டியானது, மூடி இறுக்கமானது, இலவசம். சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவிவிட்டால் சுத்தம் என்று கணக்கு. எங்கள் தெருவில் அந்தக் கேன் இல்லாத வீடே கிடையாது. ரஹ்மத்தக்கா கடையில் விளக்கெண்ணெய்கூட அதில்தான் இருந்தது. நான் அருவாளால் அவற்றை நெடுக்காகப் பிளந்தேன். ஒரு பாதி தொட்டி, மறு பாதி இலை காயப்போடும் தட்டு. ஒரு பொருளையும் வீணாக்காத வைத்தியன்.

தோட்டக்கலையில் என் கொள்கை எளிமையானது: வேர் பிடித்ததா என்று தினமும் குச்சியைப் பிடுங்கிப் பார்ப்பது. மூன்று குச்சியில் இரண்டு இந்தக் கவனிப்பிலேயே செத்தன. “உன்னையத் தெனமும் பாயிலருந்து தூக்கித் தூக்கிப் பாத்தா நீ வளருவியாடா?” என்று ரஹ்மத்தக்கா கேட்டபிறகுதான் மூன்றாவது பிழைத்தது. திருநீற்றுப்பச்சையைப் பக்கத்து வீட்டு ஆடு மோந்து பார்த்தது, மோந்ததோடு நிறுத்தவில்லை. கற்பூரவல்லி மட்டும் ஜோராக வளர்ந்தது. அதை எப்படிக் கொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆறேழு மாதம் கழித்து நொச்சி என் இடுப்பு உயரம் வந்தது. மூன்று தும்மல் வரும் இலையாகப் பார்த்துப் பறித்து, கேன் தட்டில் நான்கு நாள் வெயிலில் காயவைத்து, ஒரு தலையணையின் இலவம்பஞ்சை உருவிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, இலையை அடைத்துத் தைத்தேன். பஞ்சுக்காக அம்மாவிடம் வாங்கிய அடி தனி. முந்தின வாரம் அப்பா வாக்கு கொடுத்திருந்தார்: “அடுத்த ஞாயித்துக்கெழமை இந்த எழவு மண்டையிடி விட்டுச்சுன்னா, கண்டிப்பா ஆத்துக்குப் போவோம்டா அப்பு.”

சனிக்கிழமை இறங்கியவர் தலையணையைப் பார்த்துச் சிரித்தார். “வைத்தியரே, ஃபீசு எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு அதிலேயே படுத்தார்.

மறுநாள் காலை டவுசரும் துண்டுமாக நான் கதவருகே தயாராக நின்றேன். உள்ளே அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். ஒரு தரம் வாந்தி எடுத்திருந்தார். அதுவரை வந்த தலைவலிகள் எல்லாம் இதற்கு ஒத்திகைபோல் இருந்தன.

“இதுக்குள்ள என்னத்தடா வெச்சுத் தச்சே?”

“நொச்சிப்பா.”

தலையணையை மறுபடி முகத்தருகே கொண்டுபோனவர் சட்டென்று தள்ளிப் பிடித்தார். “நொச்சி இருக்கு. நொச்சிக்கு அடியில நம்ம டிரம்மும்ல இருக்கு!” அம்மாவைப் பார்த்து, “வாரம் பூராவும் மோந்துட்டு வர்றேன்ல, அதே வாடைடி. படுத்ததுலருந்து தோட்டத்துக்குள்ளயே கெடந்த மாதிரி இருந்துச்சு” என்றார்.

மாடிக்கு அழைத்துப்போய் என் ஆஸ்பத்திரியைக் காட்டினேன். அம்மாவும் பின்னாலேயே வந்து கேனைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. “அப்பா, செத்துப் போயிருவியா?” என்றேன்.

“இப்ப இல்ல. கத்தாத, மண்டை வலிக்குது” என்றார்.

கேனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, அதை மோந்து பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, “அப்ப ஜீப்பு இல்ல. தண்ணியும் இல்ல” என்றார்.

அம்மா விறுவிறுவென்று கீழே போனாள். ஜன்னல் கம்பியில் ஒரு துண்டு தொங்கியது. மலையில் மருந்தடிக்கும்போது அப்பா மூக்கைச் சுற்றிக் கட்டுகிற துண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நனைத்து அவர் நெற்றியில் போட்டதும் அதே துண்டுதான். அதை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நானும் இத்தன வருசமா இதத்தானே போட்டேன்...” என்றாள். வீட்டில் போலி வைத்தியன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு அற்ப ஆறுதல். அன்று அப்பாவைக் குளிக்கவைத்து, பழைய சேலை விரித்துப் படுக்கவைத்து, சுக்குப் பற்று மட்டும் போட்டாள். சாயங்காலம் இடி அடங்கியது. திங்கட்கிழமைக்கு முன்னால் அது கிளம்பியது அதுவே முதல்முறை.

திங்கட்கிழமை அப்பா கங்காணியிடம் போய், இனி மருந்தடிக்க மாட்டேன், வேறு சோலி கொடுங்கள் என்று கேட்டார். இருந்தது காய் எடுக்கிற வேலை ஒன்றுதான். ஏலச்செடியின் தூரில் குனிந்து உட்கார்ந்து பழுத்த காயாகப் பார்த்து எடுப்பது எங்கள் பக்கத்தில் பெண்கள் வேலை. கூலியும் குறைவு, கேலி அதிகம். ஜீப்பில் கூட்டாளி ஒருவர் ஆரம்பித்தாராம்:

“மாப்ளே, சேலை ஒண்ணு எடுத்துத் தரவா?”

“எடுத்துக் கொடு மாப்ளே. நீ மண்டையிடின்னு படுக்கிறப்ப ஒனக்கே தலையில கட்டிவிடுறேன்.”

 நான்கு மாதத்தில் அந்தக் கூட்டாளியும் காய் எடுக்க வந்துவிட்டார். தெருவில் கேன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ரஹ்மத்தக்கா தன் விளக்கெண்ணெயைச் சாக்கடையில் கொட்டியபோது என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமையும் எனக்குக் கிடைத்தது. ஆற்றில் அப்பாவின் தோளில் ஏறி நின்றேன். பயந்துபோய் அவர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். குதிக்கவே இல்லை. தலைவலி இல்லாத அப்பாவுக்கு இன்னொரு குணமும் இருந்தது. கரையேறியதும், “கணக்குல எத்தனைடா மார்க்கு?” என்று கேட்டார். மூன்றாம் வகுப்பிலிருந்து அவர் கேட்காமல் விட்ட கேள்வி. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி எனக்கு மாறியது.

அப்பா இப்போது மலைக்குப் போவதில்லை. எழுபதைத் தாண்டிவிட்டார். மண்டையிடி வந்து பல வருஷமாகிறது. ஆனால் அவர் மூக்குக்கு இப்போது எதுவும் தெரிவதில்லை. வயதினாலா, மருந்தடித்த வருஷங்களாலா என்று கேட்டால் டாக்டர் இரண்டுக்கும் நடுவில் தலையாட்டுகிறார். குழம்பு அடிப்பிடித்தாலும் அவருக்குத் தெரியாது. காய் சீசனில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய வண்டி எங்கள் தெருவில் போனால், வெளியூர்க்காரர்கள் நடப்பதை நிறுத்திவிட்டு மூச்சை இழுப்பார்கள். அப்பா வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வருவார்.

“இன்னைக்கு எப்படிடா இருக்கு?”

 நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குப்பா. நல்லாக் காஞ்ச காய்” என்பேன். அவர் அதை நம்பித் தலையாட்டிவிட்டு உள்ளே போவார்.