பாட்டு நிற்கும் நேரம்

1. முதல் புகார்

ஹட்டன் கடைத்தெருவில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பழுது பார்ப்பதுதான் என் தொழில். கேசட் காலத்தில் தொடங்கினேன். இப்போது வருகிற ஆம்ப்ளிஃபயர்களில் கேசட்டும் இல்லை, சீடியும் இல்லை. வைஃபையில் சேர்த்துவிட்டால் இன்டர்நெட்டிலிருந்து பாட்டை அதுவே எடுத்துப் பாடும். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே தனியாகக் கட்டிய சின்ன வீடு அது. பாக்கியம் அம்மா கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியால் வெளியே போவது குறைவு. அவர் கணவர் இராமையா ஐயா தேயிலை பெக்டரியில் வேலை பார்த்தவர். ஒரே மகன் தினேஷ் கட்டாரில் கட்டட வேலையில் இருந்தான். ஊருக்கு வந்த நண்பனிடம் அவன் கொடுத்தனுப்பிய ஆம்ப்ளிஃபயரை நான்தான் போய் மாட்டிக் கொடுத்தேன். பாட்டுக்கான எக்கவுண்டும் அவனுடையதுதான். அம்மாவின் போனில் அதைத் திறந்து, பாட்டுப் போடும் விதத்தைப் பழக்கிவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் அம்மா போன் எடுத்தார். பகலெல்லாம் நன்றாகப் பாடுகிறதாம், பொழுது சாய்ந்தால் பாதிப் பாட்டில் நின்றுவிடுகிறதாம். சிக்னல் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை ஜன்னல் பக்கம் மாற்றினேன். சரிவரவில்லை. இன்னொரு நாள் போய், நிற்கிற நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். சாமி விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. போனைப் பார்த்தேன். இந்த எக்கவுண்டில் வேறொரு போனில் பாட்டு ஓடுவதாகக் காட்டியது.

ஒரு எக்கவுண்டில் ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் பாடும். தினேஷ் வேலை முடிந்து ரூமுக்கு வந்து பாட்டுப் போட்டால் இங்கே நின்றுவிடும். அதை விளக்கினேன். உங்களுக்குத் தனி எக்கவுண்ட் போட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்றேன்.

அம்மா ஆம்ப்ளிஃபயரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இது நின்னா, எம்புள்ள ரூமுக்கு வந்துட்டான்னு அர்த்தமா தம்பி?"

"ஆமாம்மா."

"நான் மறுபடி போட்டா?"

"அங்க அவருக்கு நின்னுரும்."

"அப்படின்னா இத ஒண்ணும் செய்யாதீங்க. இப்படியே இருக்கட்டும்."

2. ஏன் வேண்டாம் என்றார்

காரணத்தைப் பிறகுதான் சொன்னார். தினேஷ் கட்ட நினைத்த பெண்ணை அப்பா ஏற்கவில்லை. வார்த்தை தடித்துப் போய், இனி என் முகத்தில் முழிக்காதே என்று ஐயா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவன் லீவுக்கும் வரவில்லை. அம்மாவிடம் எப்போதாவது பேசுவான். பக்கத்தில் அப்பா இருமுகிற சத்தம் கேட்டால் பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிடுவான்.

ஐயா அந்த ஆம்ப்ளிஃபயரைத் தொட்டதே இல்லை. ஆனால் பாட்டு எதனால் நிற்கிறது என்று தெரிந்த பிறகு, பொழுது சாய்ந்ததும் உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தாராம். நின்றதும் எழுந்து போய்ச் சாப்பிடுவாராம்.

3. எதிர்மாறான புகார்

மழைக்காலத்தில் ஒருநாள் இராமையா ஐயாவே எனக்குப் போன் எடுத்தார். அதற்கு முன் அவர் என்னோடு பேசியதே குறைவு.

"தம்பி, அது நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

போனேன். தினேஷுடைய போன் சில நாளாக அணைந்தே கிடப்பதாகச் சொன்னார்கள். கூட வேலை செய்கிறவர்கள் யாருடைய நம்பரும் அவர்களிடம் இல்லை. ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு வந்த நண்பனும் வேறு நாட்டுக்குப் போய்விட்டான். அதனால் பாட்டைக் காலையிலிருந்து விடாமல் ஓட விட்டிருந்தார்கள். வேலை நேரம் மாறியிருந்தால் பகலில்கூட நிற்கலாம், அதைத் தவறவிடக் கூடாது என்பது அம்மாவின் எண்ணம். குளிக்கப் போனால்கூட ஐயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் போவாராம்.

போன் பழுதாகியிருக்கும் என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

4. நின்றது

இரண்டு மூன்று வாரம் போனது. கடையில் வேலையாக இருந்தபோது அம்மாவின் போன் வந்தது.

"தம்பி, நின்னுருச்சு."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று விளங்கவில்லை. நின்ற நேரம் நடுப்பகல். அது எனக்கு இடித்தது. கடையைப் பூட்டிவிட்டு மஸ்கெலியா பஸ் ஏறினேன்.

வீட்டில் பால் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார்கள். அம்மா போனை என் கையில் கொடுத்தார். திரையில் இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு இருந்தது. அதை அவர்களால் வாசிக்க முடியாது. நான் வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

"பாட்டுக் கேக்குறானா?" என்றார் ஐயா.

"இல்லைங்க ஐயா. மாசா மாசம் அவரோட பேங்க் கார்ட்லருந்துதான் இதுக்குக் காசு போகும். இப்ப அந்தக் கார்ட் வேலை செய்யலையாம். அதுதான் நிப்பாட்டிட்டாங்க."

அம்மா போனை வாங்கி மறுபடி பாட்டைப் போட்டுப் பார்த்தார். ஐயா என் முகத்தைப் பார்க்காமல், "எதுக்கும் ஒருக்கா நல்லாப் பாருங்க தம்பி" என்றார்.

ஆம்ப்ளிஃபயரில் பழுது எதுவும் இல்லை. ஆனாலும் பின்பக்க வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். மூடியைக் கழற்றி உள்ளே தூசி தட்டினேன். இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் தோட்டத்து ஆபீசுக்குச் செய்தி வந்தது. தினேஷ் வேலை செய்த இடத்தில் உயரத்திலிருந்து விழுந்திருக்கிறான். பாட்டு நிற்காமல் ஓடிய அத்தனை நாளும் அவன் அங்கே ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்திருக்கிறான். பெட்டி வந்தபோது திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

5. ஐயா கேட்டது

காரியம் முடிந்து சில நாள் கழித்து ஐயா தனியாக என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கடைசியா அவன் என்ன பாட்டுக் கேட்டான்னு அதுல பாக்க ஏலுமா தம்பி?"

முன்பு கேட்ட பாட்டுகள் எக்கவுண்டில் கொஞ்சம் தங்கியிருக்கும். அவர் கொண்டு வந்த போனில் தேடிப் பார்த்தேன். இருந்ததெல்லாம் அம்மா போட்ட பாட்டுகள்தான். விடாமல் ஓடவிட்டதில் புதிது புதிதாகச் சேர்ந்து, மகன் கேட்ட பழையவை அத்தனையும் பட்டியலிலிருந்து விழுந்து போயிருந்தன.

அதை அவரிடம் சொல்லவில்லை. இந்தப் போனில் அதைப் பார்க்க முடியாது என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்.

இப்போதும் இந்த மாதிரி ஆம்ப்ளிஃபயர்களை மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்புவதுதான். மாட்டி முடித்ததும், அந்தப் பிள்ளையோடு ஒரே ரூமில் இருக்கிற யாராவது ஒருவருடைய நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். சில வீடுகளில் வாங்கி வைப்பார்கள். சில வீடுகளில், பாட்டுப் பெட்டி மாட்ட வந்தவனுக்கு இது எதற்கு என்பதுபோலப் பார்ப்பார்கள். ஆனாலும் சொல்லிவிட்டு வாருங்கள்.