இன்பமலர் காது வைத்த பிக்கப்

இன்பமலருக்குப் பாட வராது. ஆனால் மற்றவர்கள் பாடும்போது பிழை எங்கே என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். பாலையூற்றுக் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, ஆர்மோனியத்தில் ஒரு கட்டை கம்முகிறது என்றும், பின்வரிசையில் நிற்கும் தடித்த ஐயா சுருதி இறங்கிப் பாடுகிறார் என்றும் சொல்லிவிட்டாள். இரண்டும் உண்மை. அதற்குப் பிறகு அவளைக் கோயிலில் பூ அலங்காரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அவள் கட்டிய ஹெக்டருக்கோ காது பாதிதான். சிறுவனாக இருந்தபோது துறைமுகத்தில் சுழியோடி விளையாடிக் காதுச் சவ்வைக் கிழித்துக்கொண்டவர். கடற்படைத் தளம் வெள்ளைக்காரரிடமிருந்து கைமாறிய காலத்தில் ஏலத்தில் எடுத்த ஒரு சாம்பல்நிறப் பிக்கப்தான் அவர்களின் பிழைப்பு. காலையில் சல்லிக் கடற்கரையிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றி நகரச் சந்தையில் இறக்குவார்கள். மிச்ச நேரம் கிடைத்த ஹயர், அதாவது வாடகை ஓட்டம். ஹெக்டர் ஓட்டுவார், இன்பமலர் பக்கத்தில் இருப்பாள். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் அவர் தோளில் ஒரு தட்டு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான்.

எழுபத்து நாலாம் ஆண்டு, மழை விட்டிருந்த மாசி மாதத்தில், அந்தப் பிக்கப்பில் ஒரு சத்தம் வந்தது.

முதலில் தேனீக் கூட்டம் தூரத்தில் இரைவதுபோல. வெறும் வண்டியாகப் போகும்போது கேட்காது. மீன் ஏற்றினால் கேட்கும். ஒரு கிழமைக்குள் அது ஆட்டுக்கல் சுற்றுகிற சத்தமாக முற்றிப்போனது.

"இஞ்சாருங்கோ, பின்னுக்கு ஏதோ அரைபடுது."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றார் ஹெக்டர் சந்தோஷமாக.

ஆனால் இருக்கை நடுங்குவது அவருக்கும் தெரிந்தது. வண்டியைக் கனகரத்தினத்தின் கராச்சுக்குக் கொண்டுபோனார்கள். கனகரத்தினம் பின்பக்கத்தை ஜக் போட்டுத் தூக்கி, கியரில் விட்டுச் சில்லுகளைச் சுழலவைத்தார். ஹெக்டர் அடியில் படுத்து, ஒரு கம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுநுனியை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். காது கைவிட்டாலும் எலும்பு வழியாகச் சத்தம் அவருக்கு ஏறும். கியர்ப் பெட்டி நல்லது. நீளமான சாஃப்ட்டின் மூட்டு நல்லது. பின் அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி, அதுதான் டிப்ரன்சல், அதிலும் ஒன்றும் இல்லை.

"தூக்கி வச்சாச் சத்தமில்லை, பாரம் ஏத்தினாச் சத்தம்" என்று தலையைச் சொறிந்தார் கனகரத்தினம். "என்ர கணக்குக்கு டிப்ரன்சல்தான். கழட்டித் திறந்தாத்தான் தெரியும். ரெண்டு மூண்டு கிழமை செல்லும்."

ஹெக்டரின் முகம் வாடிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சல்லியில் இருக்கிற சின்னராசாவின் மகளுக்கு ஈச்சிலம்பற்றில் கலியாணம். பெரிய சமையல் கிடாரங்கள், கதிரைகள், மணவறைப் பலகைகள் எல்லாம் இந்தப் பிக்கப்பில்தான் போவதாகப் பேச்சு. அந்த மணல் ரோட்டுக்கு வர வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

"டிப்ரன்சல் எண்டா எப்பிடிச் சத்தம் வரும்?" என்று கேட்டாள் இன்பமலர்.

"பெற்றோல் குடுக்கேக்க ஒரு மாதிரி ஊளையிடும், காலை எடுத்தா வேற மாதிரி மாறும். மாறுதோ?"

"முன்னுக்கு இருந்தா எஞ்சின் சத்தத்தில விளங்குதில்லை. நான் பின்னுக்குப் படுத்துக் கேக்கிறன்."

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

கனகரத்தினம் மணல் மூட்டைகளை ஏற்றினார். அவற்றுக்கு நடுவே, பலகையில் காது பட இன்பமலர் படுத்தாள். காற்று இரைந்தால் மற்றது கேட்காது என்பதற்காக ஒரு வெள்ளைத் துப்பட்டியைத் தலையிலிருந்து கால்வரை இழுத்து மூடிக்கொண்டாள். சத்தம் கேட்டால் கபின் தகட்டில் ஒரு தட்டு, மாறினால் இரண்டு தட்டு என்று பேசிக்கொண்டார்கள். தகட்டில் முதுகு சாய்ந்திருக்கும் ஹெக்டருக்கு அது உடம்பால் தெரியும்.

பிக்கப் பஸ் நிலையத்தைக் கடந்து மெதுவாகப் போனது. அப்போதுதான் சந்தையிலிருந்து வெளியே வந்தாள் இன்பமலரின் அக்கா மக்டலின். அவள் கண்டது இதுதான்: தங்கச்சியின் இடம் காலி. மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கல்லுப்போல முகத்தோடு இருக்கிறார். பின்னால் வெள்ளைத் துணி மூடிய ஓர் உருவம், நுனியில் இன்பமலரின் செருப்பு.

"ஐயோ, என்ர தங்கச்சி!"

பையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடியதைக் கண்டு பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடினார்கள். சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஏறி மிதித்தார்கள். ஒருவர் மக்டலினைத் தன் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டார். எல்லாரும் கூப்பிட்டார்கள். ஹெக்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்பமலரோ பலகைக்குள் இருக்கும் சத்தத்தைத் தவிர வேறொன்றையும் கேட்பதாக இல்லை.

நிலாவெளி ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்தது. ஹெக்டர் வேகம் கொடுத்தார். ஒரு தட்டு. காலை எடுத்தார். அதே ஒரு தட்டு, சத்தம் மாறவில்லை. கியரை நியூற்றலுக்குத் தள்ளி வண்டியை உருளவிட்டார். எஞ்சின் அடங்கியது, அந்த இரைச்சல் மட்டும் சில்லோடு சேர்ந்து உருண்டுகொண்டே வந்தது. அப்படியென்றால் எஞ்சினும் இல்லை, கியரும் இல்லை; பெற்றோலுக்கு மாறாததால் டிப்ரன்சலும் இல்லை.

ரோடு இடப்பக்கம் வளைந்தது. வண்டியின் பாரம் வலப்பக்கம் சாய, இரைச்சல் அவளுடைய வலது கன்னத்தடியில் பொங்கி எழுந்தது. அடுத்த வளைவு வலப்பக்கம். சத்தம் செத்தேபோனது. மறுபடி இடப்பக்கம், மறுபடி பொங்கியது.

அவள் துப்பட்டியோடு எழும்பி இருந்தாள்.

"வலப்பக்கம்! வலப்பக்கச் சில்லு!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள்.

பின்னால் வந்த சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. ஒருவர் வேலியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டார். மக்டலின் சைக்கிள் பாரிலிருந்து விழுந்த இடத்திலேயே இருந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். இன்பமலர் தகட்டில் படபடவென்று தட்டி வண்டியை நிறுத்தவைத்ததும், அக்கா ஓடிவந்து உயிரோடு இருந்த தங்கச்சிக்கு முதுகில் இரண்டு அடி போட்டாள்.

"செத்துப்போனாய் எண்டெல்லோ வந்தனான்!"

"அக்கா, சில்லுப் பெயாரிங்தான் அக்கா! டிப்ரன்சல் இல்லை!"

கானுக்குள் இறங்கியவர் உட்பட எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ஹெக்டருக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

கனகரத்தினம் அன்றைக்கே வலப்பக்கப் பின்சில்லைக் கழற்றினார். உள்ளே இருந்த பெயாரிங்கின் குண்டுகள் பொரிந்து, வளையம் அம்மைத் தழும்பு விழுந்ததுபோலக் கிடந்தது. "பாரம் அமத்தினாத்தான் கத்தும். அதுதான் தூக்கி வச்சாச் சத்தமில்லை" என்றவர், "வாரும் பிள்ளை, கைகொடும்" என்று எண்ணெய்க் கையை நீட்டினார்.

புதுசுக்கு எங்கே போவது? வெளிநாட்டுச் சாமான் வராத காலம். நகரக் கடைகளில் கையை விரித்தார்கள். வளையத்தில் பொறித்திருந்த இலக்கத்தைப் பார்த்த கனகரத்தினம், நெல்லுக் குத்தும் மெஷினுக்கும் இதே அளவுதான் வரும் என்றார். கிண்ணியாவில் ஹிஸ்புல்லா என்பவர் மில் வைத்திருந்தார். ஹெக்டரும் இன்பமலரும் பஸ்ஸில் போய், துறையில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கிற மிதவைப் பாதையில் ஏறி, அவரிடம் போனார்கள்.

ஹிஸ்புல்லா கதையை முழுக்கக் கேட்டார். துப்பட்டியோடு எழும்பிய இடத்தை இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். பிறகு அலுமாரியைத் திறந்து, எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய ஒரு பெயாரிங்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"காசு வாணாம் தங்கச்சி. எங்கட மில்லும் ஒரு மாசமாக் கத்துது. ஒருக்காக் காது வச்சுப் பாருங்களன்."

இன்பமலர் மில்லைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். சுவரோரம் நின்றாள். மோட்டாரைத் தாண்டி, மேலே சுழலும் தோல் பட்டியைக் காட்டினாள். தையல் விட்ட ஒரு முனை ஒவ்வொரு சுற்றிலும் மரச்சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஹிஸ்புல்லா வாய்விட்டுச் சிரித்து, வீட்டுக்குள் பார்த்துச் சாப்பாடு போடச் சொன்னார்.

கனகரத்தினம் பெயாரிங்கை மாட்டிக் கொடுக்க, ஞாயிறு விடியமுன் கிடாரங்களும் கதிரைகளும் ஏறின. ஒவ்வொரு துறையிலும் மிதவைப் பாதை ஏறிக் கடந்து, மூதூர் தாண்டி, மணலில் உறுமி உறுமி, மத்தியானத்துக்கு முன் பிக்கப் ஈச்சிலம்பற்றை எட்டியது. வழி முழுக்க இன்பமலர் காதைத் தீட்டியபடி இருந்தாள். எஞ்சினும் கதிரைக் கால்களும்தான் கேட்டன. சின்னராசா ஓடிவந்து ஹெக்டரைக் கட்டிக்கொண்டார். பெண்டுகள் இன்பமலரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கலியாணப் பொம்பிளைக்குப் பக்கத்தில் இருத்தினார்கள்.

திரும்பி வரும்போது வண்டி வெறுமையாக இருந்தது. வேறு வாகனம் இல்லாத ஒரு நீட்டு ரோட்டில் இன்பமலர் கேட்டாள்.

"நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டே?"

ஹெக்டருக்கு இது கேட்டதோ இல்லையோ, அவள் கை ஸ்டியரிங்குக்கு வந்தது தெரிந்தது. நிறுத்தி இடம் மாறினார். முதலில் வண்டி மூன்று முறை துள்ளி நின்றது. நாலாம் முறை புறப்பட்டது.

அடுத்த வருடம் அவளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. சல்லியில் மீன் ஏற்றுகிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கராச்சில் பிடிபடாத சத்தம் எதுவும் வந்தால் கனகரத்தினம் பாலையூற்றுக்கு ஆள் அனுப்புவார். ஹெக்டர் மட்டும் கண்டவர்களிடமெல்லாம் ஒரு முறைப்பாடு சொல்லித் திரிந்தார்.

"என்ர வண்டி. எனக்கு ஞாயிற்றுக்கிழமையில மட்டும்தான் ஓடத் தாறா."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலை எதுவும் இருக்கவில்லை.